குதிரைக்கும் ஒரு கலாசாலை

சிதம்பரம் ஆலயத்துக்குச் செல்வோர் பொன்னம்பலத்தைத் தரிசித்துவிட்டு, எதிரே இருக்கும் நிருத்த சபையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தச் சபை தேர் வடிவில் அமைந்தது. சக்கரங்களும் கல்; தேரை இழுக்கும் குதிரைகளும் கல். கல்லில் இருந்தாலும் அவை கழுத்தை வளைத்துக் கம்பீரமாகவே நிற்கின்றன. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ள மேலக்கடம்பூரிலும் கருவறையே குதிரை பூட்டிய தேராக அமைந்த ஒரு கோயில் உண்டு. கடலூர் ஜில்லாவின் கிராமங்களில் ஐயனாருக்கு முன்னால் நிற்கும் சுதைக் குதிரைகளையும் மண் குதிரைகளையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கல்லிலும் சுதையிலும் மண்ணிலும் இத்தனை குதிரைகளைப் படைத்த ஜனங்கள் உலகில் வேறு எங்கேனும் இருப்பார்களோ என்பது சந்தேகமே.

உயிருள்ள குதிரையின் கதை வேறு. சமீபத்தில் நாம் சிதம்பரம் சென்றிருந்தபோது தெற்கு வீதியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்காகச் சாரட்டு ஒன்று காத்திருந்தது. அதில் பூட்டியிருந்த வெள்ளைக் குதிரைக்குத் தலையிலே இறகுக் குஞ்சம், முதுகிலே ஜரிகை விரிப்பு. விரிப்பு விலகிய இடத்தில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முகத்தின் இரு புறமும் எலும்பு சற்றே புடைத்திருந்தது.

"இதற்கு என்னப்பா தீனி போடுகிறாய்?" என்று கேட்டோம்.

"தவிடுதானுங்க நிறைய. கொள்ளு கொஞ்சம் ஊற வெச்சுப் போடுவேன். புல்லுக்கு இப்ப எங்கேங்க போறது?" என்றார் வண்டிக்காரர்.

"முகம் இப்படி வீங்கியிருக்கிறதே, யாரிடமாவது காட்டினாயா?"

"மாட்டு டாக்டர் பார்த்தாருங்க. குதிரைக்கு வேற இடத்துல கேளுன்னுட்டாரு."

இதற்குள் அவருடைய மகன், பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் படிக்கிற பையன், குறுக்கே புகுந்து ஒரு கேள்வி கேட்டான். "குதிரையைப் பத்தி மட்டும் படிக்கிறதுக்குக் காலேஜ் இருக்குதுங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்த நாம், எழுநூறு வருஷம் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று. குதிரைக்கு என்ன தீனி போடுவது, அதை எப்படி இனவிருத்தி செய்வது, நோய் வந்தால் எப்படிப் பார்ப்பது என்ற மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளாத குற்றத்துக்காக இந்தத் தமிழ்நாடு கொடுத்த அபராதம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சாரட்டு நின்ற வீதி மாணிக்கவாசகர் நடந்த வீதி. பாண்டிய மன்னனின் மந்திரியாக இருந்த அவரிடம் அரசன் பொக்கிஷத்தைக் கொடுத்து, கடற்கரைக்குப் போய்க் குதிரை வாங்கி வரச் சொன்னான் என்பது புராணம். வாதவூரர் திருப்பெருந்துறையில் குருநாதரைக் கண்டு, குதிரைப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்தார். பிறகு நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், இரவில் மறுபடியும் நரிகளாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்ததும் நமது பாட்டிமார்கள் சொல்லி நாம் கேட்ட கதைதான். அவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் தில்லை. பக்தர்களுக்கு இந்தக் கதையின் பொருள் வேறு. கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. குதிரை வேண்டுமானால் கப்பல் வரும் துறைமுகத்துக்குப் பொன்னை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலையும் சொல்லுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ இந்த வியாபாரத்தை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வணிகர்கள் குதிரைகளைக் கொண்டு வருகிறார்கள். அரசன் ஒருவனே வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான். அவன் தம்பிமாரும் அப்படியே. வருஷம் முடியும்போது அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதியிருப்பது இன்னும் மலைப்பைத் தருவது. வருஷத்துக்குப் பதினாயிரம் குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 தினார் சிவந்த பொன் என்கிறார் அவர். பெருக்கினால் இருபத்திரண்டு லட்சம் தினார் ஆகிறது. வெளிநாட்டார் கூறிய தொகையில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதியே ஒரு ராஜ்யத்தின் செல்வம்.

இவ்வளவு குதிரைகளும் ஏன் இறந்தன? போலோ சொல்லும் காரணங்கள் மூன்று. சமைத்த அரிசியையும் இறைச்சியையும் குதிரைக்குக் கொடுக்கிறார்கள் என்பது ஒன்று. நல்ல ஜாதிக் குதிரையையும் நல்ல ஜாதிப் பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறுவதற்கு உதவாததாக இருக்கிறது என்பது மற்றொன்று. குதிரை வைத்தியம் அறிந்தவர் நாட்டில் இல்லை என்பது மூன்றாவது. வைத்தியம் தெரிந்தவர்களை இந்த நாட்டுக்கு வரவிடாமல் குதிரை வணிகர்களே தடுத்துவிட்டார்கள் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! சரக்கை விற்று, சரக்கைப் பற்றிய அறிவை விற்காமல் இருக்கும் இந்த வித்தை பிற்காலத்து வியாபாரிகள் கண்டுபிடித்தது என்று நாம் நினைத்திருந்தோம்.

போலோ கண்ட மூன்று காரணங்களும் இன்றைய சர்வகலாசாலைகளில் தீவனம், இனவிருத்தி, வைத்தியம் என்று தனித்தனிப் பாடங்களாகி நிற்கின்றன. அவற்றில் தீவன சாஸ்திரத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். வண்டிக்காரருக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

குதிரையும் மாடும் ஒரே கொட்டகையில் நின்று ஒரே புல்லைத் தின்னலாம். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. மாட்டுக்கு முன்வயிறு பெரிய தொட்டி. அதில் நிரப்பிக்கொண்டு நிழலில் படுத்து அசை போடும். குதிரையின் இரைப்பை அதன் உடலுக்கு மிகச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். ஆகவே அது கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்கப் படைக்கப்பட்டது. புல்லின் நார் செரிப்பது பின்னால், பெருங்குடலில். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்துச் சக்தியாக்குகின்றன. பசித்த குதிரைக்கு ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால், முன்குடலில் செரிக்காத மாவுப்பொருள் பின்குடலுக்குப் போய் அமிலமாகிறது. வயிற்று வலி வருகிறது. சில சமயம் குளம்புக்குள்ளே அழற்சி கண்டு நடக்க முடியாமல் போகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்று வலியே அதற்கு யமனாவது இதனால்தான். வஸ்ஸாப் காலத்தில் வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயும் கொடுத்து, காய்ச்சிய பாலையும் புகட்டினார்களாம். உபசாரம் என்னவோ மாப்பிள்ளைக்குச் செய்வது போலத்தான் இருக்கிறது!

இனி, கால் கோணிய குட்டிகளின் விஷயம். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் என்னும் உப்பு, கால்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. குதிரைக்கோ கால்சியம் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். தவிட்டையே முக்கிய உணவாக்கினால் இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. உடம்பு அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து நிரப்புகிறது. எலும்பு மெலிந்து, முக எலும்பு மட்டும் நாராகிப் புடைக்கிறது. மேல்நாட்டில் இதைப் பெருந்தலை நோய் என்றும் தவிட்டு நோய் என்றும் அழைத்தார்கள். மாவு ஆலைக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே போட்டு வந்த காலத்தில் அவர்கள் லாயங்களில் அதிகமாகக் கண்ட நோய் இது. நெல்லைத் தவிர வேறொன்றும் விளையாத கடற்கரையில் சினைப் பெட்டைக்கும் குட்டிக்கும் இதே குறை நேர்ந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. தெற்கு வீதியில் நாம் பார்த்த முகமும் அதையே சொல்லிற்று. அரபுக் குதிரைக்கு நம் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழியை வெயிலின் மேல் போடுவது வழக்கம். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஈக்கள் பரப்பும் சுர்ரா என்ற இரத்த நோய்க்கும் பங்கு இருந்திருக்கலாம். அந்த நோயின் கிருமியையே 1880-ல்தான் கிரிபித் ஈவான்ஸ் பஞ்சாபில் கண்டுபிடித்தார்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் அதற்குக் குதிரையின் பெயரையே வைத்தார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், நல்ல தானியந்தான். ஆனால் கொள்ளு கறி, புல்லே சோறு. நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த நிறையில் எட்டுக் கிலோ தீவனமாவது வேண்டும். அதில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் நம் பக்கத்தில் முளைக்காதவை அல்ல.

இந்த எட்டுக் கிலோவை ஒரு சேனைக்குப் பெருக்கிப் பாருங்கள். சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. 1781-ம் வருஷம் ஜூன் மாதம் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி ஹைதர் அலியின் வீரர்கள் காவல் காத்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினான். ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டைக்கு அருகில் பெரும் போர் நடந்தது. ஹைதரிடம் பல்லாயிரம் குதிரைகள். பதினாயிரம் குதிரை என்று வைத்துக்கொண்டாலும் தினம் எண்பதாயிரம் கிலோ தீவனம்! இந்தக் கடலூர்ச் சீமையின் புல்லும் வைக்கோலும் எத்தனை நாளைக்குக் காணும்? யுத்தம் என்றால் துப்பாக்கியையும் பீரங்கியையுமே நினைக்கிறோம். இழந்த பயிருக்காகக் குடியானவன் அழுததைச் சரித்திரப் புஸ்தகங்கள் எழுதுவதில்லை.

குதிரையைப் பற்றிய அறிவு நம்மிடம் அடியோடு இல்லை என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவ சாஸ்திரங்கள் வடமொழியில் இருக்கின்றன. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூல்நிலையம் நகுலரின் அசுவ சாஸ்திரத்தை 1952-ல் சித்திரங்களோடு வெளியிட்டது. அவற்றில் நல்ல அனுபவமும் உண்டு. எந்த இடத்தில் சுழி இருந்தால் அரசனுக்கு ஆகாது என்ற ஆராய்ச்சியும் உண்டு. குறை என்னவென்றால் அந்த அனுபவம் ஏட்டிலேயே உறங்கிற்று. சோதித்துப் பார்த்து, தவறியதைத் தள்ளி, சரியானதை அடுத்த தலைமுறை மாணவனுக்குக் கற்பிக்கும் சாலை ஒன்று ஏற்படவில்லை.

அத்தகைய சாலை முதலில் ஏற்பட்டது பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில், 1762-ல். அதை ஸ்தாபித்த பூர்ஷெலா குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். லண்டனில் 1791-ல் கால்நடை வைத்தியக் கலாசாலை ஏற்பட்டபோது அதன் தலைவரான சேன்பெல், எக்லிப்ஸ் என்ற பிரசித்தி பெற்ற பந்தயக் குதிரை 1789-ல் இறந்ததும் அதன் உடலை அறுத்து, எலும்பெலும்பாக அளந்து எழுதியவர். நமது தேசத்துக்கு இந்த வித்தை வந்தது கம்பெனியாருடைய பட்டாளக் குதிரைகளை உத்தேசித்துத்தான். ஓசூரில் 1824-ல் பட்டாளத்துக்காக ஏற்பட்ட குதிரைப் பண்ணையே பிற்பாடு சர்க்கார் கால்நடைப் பண்ணையாயிற்று. நம்முடைய உழவு மாட்டுக்கும் ஜட்காக் குதிரைக்கும் வைத்தியம் வேண்டும் என்ற எண்ணம் துரைமார்களுக்கு வரப் பின்னும் வெகுகாலம் சென்றது. சைதாப்பேட்டையில் 1903-ல் ஒரு சிறு கட்டிடத்தில் சென்னைக் கால்நடை வைத்தியக் கலாசாலை ஆரம்பமாயிற்று. இரண்டு வருஷத்தில் வேப்பேரிக்கு மாறிற்று. 1936-ல் சென்னை சர்வகலாசாலையோடு இணைந்து, கால்நடை வைத்தியத்தில் பட்டம் அளிக்கும் நிலையை இந்தியாவிலேயே முதலில் அடைந்தது. இங்கே படித்து 1952-ல் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் இந்தியாவின் முதல் பெண் கால்நடை டாக்டராக அறியப்படுகிறவர். வீட்டில் பிராணிகளிடம் பிரியமுள்ள பெண் குழந்தைகள் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள். 1989-ல் இந்தக் கலாசாலையை மையமாகக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகம் தோன்றியது.

இன்று அந்தப் பட்டப்படிப்பு ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் கைப்பயிற்சி. மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாவற்றோடும் குதிரையையும் மாணவர் கற்கிறார். பெட்டைக் குதிரை பதினோரு மாதம் சுமக்கிறது. பிறந்த குட்டியின் உடம்பில் நோயை எதிர்க்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றும் இராது. முதல் நாளிலேயே, அதுவும் முதல் சில மணி நேரத்திலேயே, சீம்பால் குடித்தால்தான் அது பிழைக்கும். கோழித் தீனியிலும் மாட்டுத் தீனியிலும் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து சிறிது வயிற்றில் போனாலும் குதிரையின் இருதயத்தைக் கெடுத்துக் கொல்லும். இவையெல்லாம் தெரிந்தவர் கையில்தான் குதிரையை ஒப்படைக்கலாம். அந்த 'மாட்டு டாக்டர்' வேறிடம் போகச் சொன்னது ஒருவகையில் யோக்கியமான காரியமே. ஆனால் அந்த வேறு இடம் எது என்று அவர் சொல்லியிருக்கலாம்.

குதிரையை மட்டுமே ஆராயும் தேசிய நிலையம் ஹரியானாவில் ஹிஸாரில் இருக்கிறது, 1985-ல் ஏற்பட்டது. அதன் கிளை ராஜஸ்தானத்துப் பிகானீரில். மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, ஜான்ஸ்காரி என்று நம் தேசத்துக் குதிரை இனங்களை அங்கே காப்பாற்றுகிறார்கள். 2019-ம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து மூன்று லட்சத்து நாற்பதினாயிரம். முந்திய கணக்கு எடுத்த 2012-ல் இருந்ததில் பாதிக்குச் சற்றே மேல்.

"ஜட்கா போய்விட்டது, பட்டாளத்தில் மோட்டார் வந்துவிட்டது, இனிக் குதிரையைப் பற்றிப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று நேயர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் இறங்குகிறவர்களை நாகமும் விரியனும் தீண்டுகின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து வருஷத்துக்குச் சராசரி ஐம்பத்தெட்டாயிரம் பேர் மாண்டார்கள் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் டாக்டர் ஏற்றும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? குதிரையின் இரத்தத்திலிருந்து. செங்கற்பட்டுப் பக்கத்தில் இருளர்கள் 1978-ல் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பாம்பிடமிருந்து விஷம் எடுத்து மருந்துச் சாலைகளுக்குக் கொடுக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்திச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். குதிரையின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கியதும் இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள். தமக்கு ஆகாத விஷத்தை ஏற்று நமக்கு அமுதம் தருகிற பிராணி அது. சரியான புல்லும் புரதமும் உப்பும் ஓய்வும் இல்லாத குதிரை நல்ல மருந்து தராது; நாளடைவில் தானும் சோர்ந்து விழும். குதிரைத் தீவனம் என்பது கடைசியில் வயலில் இறங்கும் பெண்ணின் உயிர்ப் பிரச்னையாக முடிகிறது.

அண்ணாமலை நகரில் 1929 முதல் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே விவசாயப் பிரிவில் கால்நடை வளர்ப்பும் பாடமாகிறது. மாட்டைப் பற்றிச் சொல்லும் வகுப்பில் குதிரைக்கும் நாலு நாள் ஒதுக்கினால், சுற்று வட்டாரத்தில் சாரட்டுக் குதிரை வைத்திருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை அழைத்துத் தீவனம் பற்றிச் சொன்னால், பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது என்பது நம் அபிப்பிராயம்.

தெற்கு வீதியில் நாம் இவ்வளவையும் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. தவிட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டும்படியும், தொட்டியில் எப்போதும் தண்ணீரும் பக்கத்தில் உப்புக் கட்டியும் இருக்கும்படியும் வண்டிக்காரரிடம் சொன்னோம். முகத்தை உடனே காட்ட வேண்டுமென்றால் புதுச்சேரிக்கு அருகே குரும்பாபேட்டில் கால்நடை வைத்தியக் கலாசாலை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டிலும் ஒன்று உண்டு என்றோம். அதற்குள் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். குதிரை ஒரு முறை தலையை உதறிவிட்டு நடக்கத் தொடங்கியது.

பையன் மட்டும் கூடவே வந்தான். "அந்தக் காலேஜுல சேர என்ன படிச்சிருக்கணுங்க?" என்று கேட்டான். பிளஸ் டூவில் உயிரியலும் இயற்பியலும் வேதியியலும் என்று சொன்னோம். "குரும்பாபேட்டுக்குக் கடலூர்ல பஸ் மாறணுங்களா?" என்றான் அடுத்தபடி.